பதினான்கு கட்டங்கள்

கட்டட மேஸ்திரிக்குத் தன் மச்சினியைக் கண்டாலே ஆகாது. அவளுக்கும் அவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். சுகாதாரத் துறையில் கொசுப்புழு தேடுவது அவள் வேலை. நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டியும் கையுமாக அவள் படியேறினால் போதும், அவன் ஆரம்பித்துவிடுவான்.

"கரண்டி வந்துருச்சு! தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நில்லுங்கடா!"

ஆட்கள் சிரிப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, புதுத் தளத்தில் வரப்பு கட்டித் தேக்கிய தண்ணீரை மொள்ளுவாள். தேக்கினால்தான் கான்கிரீட் இறுகும். ஆனால் அந்தத் தெளிந்த தண்ணீர்தான் மலேரியாக் கொசுவுக்குப் பிரசவ அறை. கரண்டியில் புழுக்கள் நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும்.

"வாரத்துல ஒரு நாளாவது வடிச்சுக் காய விடுங்க அத்தான். இல்ல, ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்க."

"தளம் வெடிச்சா உன் ஆபீஸ் வந்து பூசுமா?"

இந்த வீம்புக்கு நடுவே மாட்டிக்கொண்டது அக்கா. கீழே தகரக் கொட்டகையில் அவனோடு குடியிருந்தவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மலேரியாதான். தாய் போனபின் தங்கைக்கு இருந்த ஒரே உறவு அவள். காய்ச்சலை அடக்க மூன்று நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஈரலில் ஒளிந்து தூங்கும் கிருமியைக் கொல்லப் பதினான்கு நாள் மாத்திரை, அதுவும் ரத்தம் தாங்குமா என்று சோதித்த பிறகு. தினமும் அவள் விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, அட்டையில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டியது தங்கையின் பொறுப்பு.

பதினான்கில் மூன்றாம் நாள் மாத்திரை முடிந்ததும் சண்டை முற்றி, அவன் கரண்டியைப் பிடுங்கி மாடியிலிருந்து வீசினான். அது செங்கல் குவியலில் விழுந்து நெளிந்தது.

"செத்தாலும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன்!"

கத்திவிட்டு, மிச்சமிருந்த பதினோரு மாத்திரைகளையும் கட்டட வாட்ச்மேனிடம் அவள் கொடுத்தாள். அங்கேயே நின்றபடி பதினோரு கட்டங்களிலும் கையெழுத்தைக் கிறுக்கி, அட்டையையும் அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். அந்தக் கட்டடத்தை வேறொருவர் தலையில் கட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து வாட்ச்மேன் போன் செய்தார். அக்காவுக்கு மறுபடியும் காய்ச்சல். தங்கை அப்போதே கிளம்பினாள். பதற்றத்தோடு, நாம் சொன்னதுதானே நடந்தது என்று ஒரு அற்பத் திருப்தியும் இருந்தது. அத்தானை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கும் வேகத்தில் நேராக மாடிக்கு ஏறினாள்.

தளம் முழுக்க ஈரச் சாக்கு விரித்திருந்தது. தொட்டிகளுக்கு மூடி போட்டிருந்தது. மூடியைத் தூக்கித் தூக்கி மொண்டு பார்த்தாள். ஒரு புழு இல்லை.

"நீ போன மறுநாளே வடிச்சுட்டேன்," என்றான் மேஸ்திரி. "உனக்காக இல்ல, அவளுக்காக. கீழ வா."

கொட்டகையில் அக்கா மூன்று போர்வைக்குள் பல் கிட்டக் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"காய்ச்சல் விட்டுருச்சேடி... குமட்டுச்சு. அதான் நிறுத்திட்டேன்."

தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பதினொன்றும் பிரிக்காமல் இருந்தன. மேஸ்திரி கையெழுத்து அட்டையைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பதினோரு கையெழுத்து. இதுல எந்த நாள் வந்து பாத்த?"

அவள் அட்டையை வாங்கித் தன் கிறுக்கலைப் பார்த்தாள். தளத்தில் புழு இல்லை; தன் ரோஷத்தில் புழு வளர்த்தது அவள்தான்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை அக்கா மாத்திரையை விழுங்கினாள். தங்கை முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அட்டையை மூடப்போனாள். மேஸ்திரி பேனாவைப் பிடுங்கி, அதே கட்டத்தில், அவள் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான்.

"அவ முழுங்கினதுக்கு உன் கையெழுத்து. நீ வந்ததுக்கு என் கையெழுத்து. நாளைக்கும் வா."