வராத மருந்துக்குப் பத்தியம்

என் அப்பா புகழேந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். சென்னையில் நான் செய்கிற ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருக்கிறது என்று போனில் சொன்னேன். அவ்வளவுதான். கரிக்கலாம்பாக்கம் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது "எம்பொண்ணு சுவேதா மறதி நோய்க்கு மருந்து கண்டுபுடிச்சிட்டா" என்று ஆகிவிட்டது.

நான் கண்டதெல்லாம் இதுதான்: கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களில், சேதி கடத்தும் ஒரு புரதத்தின் ஆட்டத்தை ஒரு வேதிப்பொருள் கொஞ்சம் அடக்குகிறது. தட்டில்தான். மனிதருக்கு இல்லை, எலிக்குக்கூட இல்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் பின்தெருக் குழந்தைவேல் பெரியப்பா வந்து நின்றார், முத்துலட்சுமி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. சுற்றிலும் மனைக்கல் நட்டுவிட்டாலும் பிடிவாதமாக இன்னும் நெல் போடுகிறவர் அவர். பெரியம்மாவுக்கு அல்சைமர் என்று போன வருஷமே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டு ஓரளவு நன்றாகத்தான் இருந்தார். போன தடவை என் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அத்தனை விசாரித்தவர், இப்போது முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பெரியப்பா, பெரியம்மா இப்படி எளச்சிட்டாங்க?"

"எல்லாம் பத்தியம்தாம்மா. மீனு, கருவாடு, கத்திரிக்கா எல்லாம் நிறுத்திட்டேன். ஆஸ்பத்திரி மாத்திரையும் ஆவணியிலேர்ந்து குடுக்கறதில்ல. உன் மருந்து உள்ள போவசொல்ல வேற மருந்து உடம்புல இருக்கக் கூடாதில்ல? சுத்தமா வெச்சிருக்கேன். நீ குடு."

நாட்டு வைத்தியரிடம் போகிறவர்கள் இங்கே அப்படித்தான் செய்வார்கள். ஒரு மருந்தை நிறுத்தி, வாயைக் கட்டி, அடுத்ததற்கு உடம்பைத் தயார் செய்வார்கள். அத்தனையும் அவர் அன்பினால் செய்திருந்தார். யாரைத் திட்டுவது? அப்பாவை முறைத்தேன். அவர் அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாதவர் மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, எங்கிட்ட மருந்து இல்ல."

"வெச்சிக்கினு இல்லேன்னு சொல்லாத கண்ணு. நாங்க இன்னா அசலாரா?"

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கழனியில் கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது என்று, மோட்டார் பெட்டியிலிருந்து பதிவு செய்த குரல் ஒன்று சொன்னது.

"இப்ப அத்த நிறுத்தணும்னா கழனிக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? இங்கேர்ந்து போன் போட்டா பொட்டியே நிறுத்திடும்."

"மூளையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அந்த மாதிரி பொட்டிங்க இருக்கு பெரியப்பா. புரோட்டீன்னு பேரு. அத்தத்தான் நான் படிக்கிறேன். சேதி வந்தா ஓடணும், போதும்னா நிக்கணும். இந்த நோவுல அதுல ஒண்ணு நிக்காம ஓடிக்கினே இருக்கு."

"தண்ணி நின்னு வேரு அழுவிடுமே."

"ஆமா. அத்த அடக்கத்தான் வழி தேடுறோம். ஆனா அதே பொட்டிதான் உடம்புல வேற வேலையெல்லாம் பாக்குது. புடுங்கிப் போட்டா வேற வெனை வந்துடும். ஒலகம் பூரா தேடுறாங்க. கெடைக்கும்னு நம்பித்தான் நானும் ஒக்காந்திருக்கேன். ஆனா இன்னிக்கு இல்ல."

"அப்ப ஆஸ்பத்திரி மாத்திர?"

"அது மோட்டார நிறுத்தாது. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு அனுப்பற சேதி சீக்கிரம் அழிஞ்சிடாம பாத்துக்கும். இருக்கறத வெச்சிக் குடும்பம் ஓட்டற மாதிரி."

பெரியப்பாவின் முகம் தொங்கிப் போனது. "அப்ப நானே அவள கெடுத்துட்டேனா?" என்றார்.

இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தெரியாம செஞ்சிட்டீங்க. நாளைக்கே டாக்டராண்ட போவலாம்" என்றேன்.

அவர் அதற்கும் தயங்கினார். "மறுபடியும் அந்த மாத்திரயத் தின்னுட்டு, நாளைக்கு உன் மருந்து வரசொல்ல, அந்த நேரம் பாத்து ஒடம்பு ஏத்துக்கலன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் எத்தனை மாதம் இந்த அம்மாளைப் பட்டினி போடுவதாக உத்தேசம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பெரியம்மா தலை நிமிர்ந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. தேடித் தேடித்தான் பேசினார்.

"மருந்து வரசொல்ல... நான் இருக்க வேணாமா?"

பெரியப்பா அவர் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் அப்பாவே கார் பேசிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வாய் செய்த வேலைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? டாக்டர் நன்றாகக் கடிந்துகொண்டார். மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கினார். போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது, நல்ல நாளும் வரும் கெட்ட நாளும் வரும், மீனைக் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள் என்றார். நான் மனக்கலக்கத்தோடுதான் சென்னைக்குத் திரும்பினேன்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள், ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது பெரியப்பா போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"சுவேதா, உன் பெரியம்மா என்னத் திட்டிட்டாம்மா!"

"எதுக்கு?"

"சங்கரா மீன் வாங்கியாந்தேன். இத்த எவன் உன் தலையில கட்டினான், செவுளப் பாத்து வாங்கத் தெரியாதா, இத்தினி வருசம் குடும்பம் பண்ணி இன்னாத்தக் கத்துக்கினேன்னு தெருவே கேக்கறாப்ல திட்டினா." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. என் கதியும் அதுதான்.

"இன்னும் திட்டுறாங்களா பெரியப்பா?"

"நிறுத்தவே இல்ல. இரு, போன அவளாண்ட எடுத்துக்கினு போறேன். நீயும் கேளு."