களத்து வெயில்

பூவாயிக்கு முதலில் வீங்கியது விரல் கணுக்கள்தான். காப்பிப் பழம் பறிக்கிறவள், விரல் மடங்காவிட்டால் என்ன செய்வாள்? அப்புறம் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. முடி கொத்தாகக் கொட்டியது. மூக்கிலும் இரு கன்னத்திலும் சிவப்புப் படை படர்ந்தது. எஸ்டேட் லைன் வீடுகளில் குஷ்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். குஷ்டம் சோதிக்க வந்த ஊழியர் படையில் உணர்ச்சி இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுப் பார்த்து, "இது அதில்லீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகும் குழாயடியில் அவள் குடத்தை யாரும் தொடவில்லை.

இரண்டு வருடம் ஊசியும் கஷாயமும் மந்திரிப்புமாகப் போனது. 1986இல் கணவன் மூக்கன் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பி, பத்து நாள் கழித்து லூபஸ் என்று பேர் சொன்னார்.

"உடம்பைக் காக்கற சக்தியே உடம்பைத் தாக்குது. யாருக்கும் ஒட்டாது. மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. வெயில்ல நிக்கவே கூடாது."

ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் எஸ்டேட் ரைட்டர் ஜேசுதாஸ் கெட்டவர் இல்லை. மூட்டுவலிக்காரி மேடேற வேண்டாமென்று அவளைக் காப்பி உலர்த்தும் களத்துக்கு மாற்றினார். பறிக்கும் இடத்திலாவது மரநிழல் உண்டு. களம் வெறும் சிமெண்ட்.

"எனக்கு வெயில் ஆகாதுங்க."

"வெயில் ஆகாத சீக்கு எங்கியாவது உண்டா? நல்லது பண்ணினாலும் குத்தமா, பூவாயி?"

மாத்திரையால் முகம் உப்பியது. சதை போட்டவளுக்கு என்ன சீக்கு என்று பெண்கள் கேட்டார்கள். நாத்தனார் காளியாயி, "மூஞ்சி தேறிருச்சு, நிறுத்திரு. மாத்திரை நொம்ப சூடு" என்றாள். பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன பூவாயி நிறுத்தினாள். மூன்றாம் வாரம் கால்கள் தூண்போல் வீங்கின. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்றார் டாக்டரம்மா.

"எத்தன பேருக்குங்க நான் பதில் சொல்றது? நீங்க இங்கிலீசுல எழுதறீங்க. ரைட்டர் சீட்டுல என் பேரை மட்டும் படிக்கறாரு. தமிழ்ல எழுதிக் குடுங்க."

அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும், காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் இடத்தில் பூவாயி அதை ஜேசுதாஸிடம் நீட்டினாள். "சத்தமாப் படிங்க."

"எல்லாருக்கும் எதுக்கு?"

"எல்லாருந்தானுங்க எங்கிட்டக் கேக்கறாங்க."

படித்தார். ஒட்டாது என்ற வரியைத் தானாகவே இரண்டு முறை படித்தார். வெயில் என்ற இடத்தில் குரல் இறங்கியது. படித்து முடித்துத் தாளை மடித்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ கொட்டகைக்குப் போ. காப்பிக் கொட்டையில சொத்தை பொறுக்கு" என்றார்.

ஒருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்தால் போய்விடுமா என்று கேட்டாள். பூவாயி தாளை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

கொட்டகையில் எதிரே உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாசி மெல்லச் சொன்னாள். "எம் புள்ளைக்கும் ஆறு மாசமா விரல் வீங்குதுக்கா. மூஞ்சி செவக்குது."

"ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"உன்ன நடத்துனதப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

பூவாயி முறத்தைக் கீழே வைத்தாள். யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாசியும் அந்தக் குழாயடிக்கு வருகிறவள்தான்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் புள்ளையக் கூட்டிட்டு வா" என்றாள். "முக்காடு போட்டுக் கூட்டிட்டு வா. வெயில் ஏறதுக்குள்ள ஆஸ்பத்திரி போயிரணும்."