கசங்காத புத்தகங்கள்

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி நூலகத்துப் புத்தகங்கள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போயின; திங்கட்கிழமை தவறாமல் திரும்பி வந்தன. ஆனாலும் நான்காம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க வரவில்லை. எங்கே இடிக்கிறது என்று தமிழ் டீச்சருக்குப் பிடிபடவில்லை.

தலைமையாசிரியருக்கு அந்தக் குழப்பமே இல்லை. "ஒரு பருவம் பூரா பார்த்தாச்சு. வாசிப்பு ஏறல. நூலக அறையைக் காலி பண்ணுங்கம்மா, உடைஞ்ச பெஞ்சு போட இடமில்ல."

"பெஞ்சுக்கு இருக்குற மரியாதை கூட கதைக்கு இல்லையா சார்?"

"கிண்டல் அப்புறம். பலனைக் காட்டுங்க."

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பலமுறை வீட்டுக்குப் போய் வந்த புத்தகம். அச்சு வாசனை கூடப் போகவில்லை. நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டியே இருந்தன. அப்படியானால் புத்தகம் போயிருக்கிறது, திறக்கப்படவில்லை.

மாலையில் நான்காம் வகுப்பு மகளை அழைத்துப்போக வந்த தையற்காரம்மாவிடம் கேட்டாள்.

"பெட்டியில வெச்சுப் பூட்டிருவேன் டீச்சர். சின்னவன் கையில கிடைச்சா நார் நாராக்கிடுவான். கிழிச்சா இனிமே புத்தகம் கிடையாதுன்னு சார் நூலகக் கதவுல ஒட்டியிருக்காரே! அழுக்குப் படாம கொண்டாந்தாள்னு இவளுக்குக் கைதட்டு வேற."

டீச்சருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. புத்தகம் கையில் இருந்தால் மட்டும் வாசிப்பு வராது. பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கும்போது பக்கத்தில் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அதே சொல் அடுத்த பக்கத்தில் மறுபடி எதிர்ப்பட வேண்டும். அப்புறம் என்ன ஆச்சு என்ற அரிப்பு இருக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் இதில் எதுவும் நடக்காது.

மறுநாள் காலை கதவிலிருந்த அறிவிப்பை எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போட்டாள். அவள் சொன்னதும் பிள்ளைகள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள்.

தலைமையாசிரியர் பதறினார். "காலி பண்ணத்தானே சொன்னேன்? இங்க குவிக்கச் சொன்னேனா?"

"அறை உங்களுக்கு சார். புத்தகம் இவங்களுக்கு."

"கிழிஞ்சா?"

"கிழியட்டும். பசை இருக்கு."

"மேல கேட்டா?"

"என்னைக் கைகாட்டுங்க. நான் பேசிக்கிறேன்."

அன்றிலிருந்து, பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வாசிக்கும் இரைச்சலோடுதான் வகுப்பு தொடங்கியது. "மெதுவாடி, ரயிலா போகுது?" "நீ வாசிச்சா நத்தைக்கே தூக்கம் வரும்!"

அடுத்த பருவ முடிவில் தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். யாரும் பார்க்காத ஒரு புதுப் புத்தகத்தைப் பிரித்துத் தையற்காரம்மாவின் மகளிடம் நீட்டினார். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தாள். பிறகு பக்கம் முழுக்க வாசித்து முடித்தாள். "அடுத்த பக்கத்தைத் திருப்புங்க சார், அவன் தப்பிச்சானா இல்லையா?"

அவர் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "மூணாம் வகுப்புக்கும் கொஞ்சம் அனுப்புங்க."

"அனுப்புறேன் சார். ஆனா கசங்கித்தான் திரும்பி வரும், சொல்லிட்டேன்."

செய்தது இவ்வளவுதான்: புத்தகங்கள் வகுப்பிலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன, தினமும் முதல் பாடவேளையில் இருவர் இருவராக ஒரே புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார்கள், ஒருவர் தடுக்கினால் மற்றவர் சொல்லிக் கொடுத்தார், இருவருக்கும் தெரியாவிட்டால் டீச்சர் சொல்லிக் கொடுத்தாள், கிழிந்த தாளைக் கிழித்தவரே ஒட்டினார்.