பல்லிக்கும் வெள்ளிக்கிழமை

பிளாக்டவுனில், பல்லிகள் வளர்த்து விற்கும் நிதுஷனின் கராஜுக்குள் கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சூட்டு விளக்கு, அதன் கீழே ஏதோ ஒன்று அசையாமல் படுத்திருந்தது. ஹரிப்பிரியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பயமெண்டால் காருக்குள்ள இரும்," என்றான் அருந்தவன்.

"இல்ல, வர்றேன்."

கெல்லிவில்லில் தம்பி வீட்டில் இருந்தவள், அருந்தவனைக் கல்யாணம் செய்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அவனுடைய மகள் லக்சிகாவுக்கு ஒன்பது வயது. அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "தண்ணி வேணுமா அன்ரி?" என்று கேட்பாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோல. அந்த மரியாதைதான் ஹரிப்பிரியாவுக்கு வலித்தது. எத்தனை நாளைக்குத்தான் விருந்தாளியாகவே இருப்பது?

வளர்க்கப் பல்லி வாங்க வந்த லக்சிகா, தாடிபோல முள் வைத்த ஒரு பியர்டட் டிராகன் பல்லிக் குட்டியிடம் நேராகப் போனாள். நிதுஷன் அதை எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டான்.

"முதல் முதல் வளர்க்கிற ஆக்களுக்கு நல்லது. சாதுவானது. ஆனா குட்டிதானே, ஒவ்வொரு நாளும் உயிரோட சில்வண்டு குடுக்கோணும்."

"வெள்ளிக்கிழமையுமா?"

நிதுஷனுக்குக் கேள்வி உடனே விளங்கியது. "ஓம் பிள்ளை. குட்டியைப் பட்டினி போட ஏலாது. என்ர அம்மா வெள்ளியில இந்தப் பக்கமே வரமாட்டா."

அருந்தவன் சிரித்தான். "பல்லிக்கு என்னம்மா வெள்ளிக்கிழமை? அதுக்குக் கலண்டர் தெரியுமே?"

லக்சிகா சிரிக்கவில்லை. குட்டியைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள். "அது அம்மான்ர ரூல், அப்பா. வேண்டாம், வீட்ட போவம்."

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் மீனோ இறைச்சியோ கிடையாது என்பது லக்சிகாவின் அம்மா யோகாவின் வழக்கம். யோகா நோயில் போன பிறகு அந்த வீட்டில் எவ்வளவோ மாறிவிட்டது. இதை மட்டும் மகள் விட்டுக்கொடுக்கவில்லை.

அருந்தவனின் சிரிப்பு அடங்கியது. ஹரிப்பிரியா தரையில் குந்தி, லக்சிகாவின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"வெள்ளிக்கிழமை நீ கொடுக்க வேண்டாம். நான் கொடுக்கறேன். நம்ம கராஜ்லயே வச்சுக் கொடுத்துட்டு, குளிச்சுட்டு உள்ள வர்றேன். வீட்டுக்குள்ள எதுவும் வராது."

"நீங்க முட்டைகூடச் சாப்பிடமாட்டீங்களே அன்ரி."

"நானா சாப்பிடப் போறேன்? அதுதானே சாப்பிடப் போகுது."

"உங்களால ஏலாது."

"ஏன் முடியாது? காட்டு, பார்க்கலாம்."

லக்சிகா சில்வண்டுப் பெட்டியின் மூடியை மெல்லத் திறந்தாள். ஒன்று துள்ளி ஹரிப்பிரியாவின் சட்டைக் கையில் உட்கார்ந்தது. அவள் கத்தவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் முருகா, முருகா என்று முணுமுணுத்தன. கையை உதறாமல் நீட்டியபடியே வைத்திருந்தாள்.

லக்சிகா இரண்டு விரல்களால் பூச்சியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு ஹரிப்பிரியாவை ஒருமுறை பார்த்துவிட்டு நிதுஷனிடம் திரும்பினாள்.

"அண்ணா, ஒவ்வொரு நாளும் சாப்பிடாத பல்லி ஏதும் இருக்கா?"

நிதுஷன் மூலையில் இருந்த பெரிய தொட்டியைக் காட்டினான். கொழுத்த ஒரு ப்ளூ டங் பல்லி தன் நீல நாக்கை நீட்டி இழுத்தது. "இது நல்லா வளந்தது. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் குடுத்தாக் காணும். நத்தை, பூசணி, கீரை எல்லாம் தின்னும். வெள்ளியில சும்மா கிடக்கும்."

"நீ குட்டிக்குத்தானே ஆசைப்பட்டனி?" என்றான் அருந்தவன்.

"அன்ரி பாவம். ஒவ்வொரு வெள்ளியும் குளிக்கோணும்."

"நான் தினமும் குளிக்கறவதான்," என்றாள் ஹரிப்பிரியா.

லக்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பல்லி வளர்ப்பதற்கான லைசன்ஸ் முன்பே எடுத்தாயிற்று. நிதுஷன் ப்ளூ டங்கை மூச்சுத் துளைகள் போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தான். காரில் ஹரிப்பிரியா முன் கதவைத் திறக்கப் போனபோது பின் கண்ணாடி இறங்கியது.

"அன்ரி, நீங்க பின்னுக்கு வாங்கோ. இது பாரம். எனக்குத் தனியப் பிடிக்க ஏலாது."

ஹரிப்பிரியா அவளருகில் ஏறி உட்கார்ந்தாள். பெட்டி இரண்டு மடிகளுக்கும் நடுவே இருந்தது. கார் திரும்பியபோது உள்ளே அந்தப் பாரம் மெல்ல நகர்ந்து ஹரிப்பிரியாவின் பக்கம் வந்து சேர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்," என்றாள் லக்சிகா. அவள் பிடித்திருந்தது ஹரிப்பிரியாவின் கையை.