தேசிய அணிக்கு இருபது செட்

தையல் மெஷின் பலகைமேல் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒரே விளையாட்டு வாரியம் அனுப்பியவை, ஒரே தபால்காரர் கொண்டுவந்தவை. ஒன்று தடிமன், மற்றது மெலிசு. வீட்டில் நாலு பேரும் அதைச் சுற்றி நின்றார்களே தவிர யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

"முதல்ல பெரியவனோடதைப் படிங்க," என்றாள் டெய்லரம்மா.

அவள் கணவர் பஸ் டிரைவர். நாலு தெருவுக்கு அப்பால் வரும் மாட்டை ஸ்டியரிங்கிலிருந்தே கண்டுபிடிப்பவர், காகிதம் என்றால் மட்டும் கண்ணாடி தேடுவார். தேடி, மாட்டி, தொண்டையைச் செருமிவிட்டுப் படித்தார். மகன் தேசியப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்குத் தேர்வாகியிருந்தான். வெளிநாட்டுப் போட்டிக்கு விமானக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, புது ஜெர்சி, பூட்ஸ், கைச்செலவுக்குத் தினப்படி எல்லாவற்றையும் வாரியமே ஏற்றுக்கொள்கிறது. மூன்று பக்கத்துக்கு ஏற்றுக்கொண்டே போனது.

பெரியவன் அணியில் மூன்றாவது கோல்கீப்பர். அவனுக்கு முன்னால் இருக்கும் இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தால்தான் மைதானத்தில் அவன் கால் படும். இது அவனுக்கே தெரியும். அதனால் அவன் சந்தோஷத்தை முகத்தில் பாதிதான் காட்டினான்.

அடுத்தது மெலிசுக் கடிதம். மகளும் தேர்வாகியிருந்தாள். தேசியப் பல்கலைக்கழக மகளிர் கால்பந்து அணி. வாரியம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டது; முதல் வரியோடு அந்த மகிழ்ச்சி தீர்ந்துவிட்டது. நிதிப் பற்றாக்குறை காரணமாக எல்லாச் செலவையும் வீராங்கனைகளே ஏற்க வேண்டும். பத்து நாளுக்குள் கட்டாதவர்களின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். ஆண்கள் அணி போன வருடம் உடுத்திய ஜெர்சிகள் துவைத்து வழங்கப்படும். தகப்பனார் அல்லது கணவரின் சம்மதக் கடிதம் அவசியம்.

"துவைச்சுதான் தருவாங்களாம்," என்றான் பெரியவன்.

தேர்வு ஆட்டங்களில் ஒன்பது கோல் போட்டவள் மகள். அவள் உதைத்தால் வலை அதிரும் என்பதால் கூட விளையாடுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வெடி. அந்த வெடி இப்போது நனைந்துபோய், ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தது.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வீட்டுலேர்ந்து ஒருத்தர் போறதே பெரிய விஷயம்."

"அந்த ஒருத்தர் யாருன்னு யார் முடிவு பண்ணினது?" என்றாள் டெய்லரம்மா.

"நானா பண்ணேன்? வாரியம் பண்ணிடுச்சு. இவ்வளவு பணத்துக்கு நான் எங்க போவேன்? இவ கல்யாணத்துக்குன்னு சேர்த்ததை எடுத்துப் பந்து உதைக்கக் கொடுத்துட்டா, நாளைக்கு வர்ற மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்றது?"

"கோல் போட்டாள்னு சொல்லுங்கப்பா," என்றாள் மகள்.

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. கோபம் வந்திருக்க வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. மெஷின் டிராயரிலிருந்து பேனாவை எடுத்து, சம்மதக் கடிதத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். "கையெழுத்து எவ்வளவு வேணும்னாலும் போட்டுத் தரேன். அதுக்குக் காசு ஆகாது."

மறுநாள் டெய்லரம்மா வாரிய அலுவலகத்துக்குப் போனாள். பதினோரு வருடமாக வாரியத்துக்குச் சீருடை தைப்பவள் அவள்தான். இந்த வருட ஜெர்சிக்கான ஆர்டரை வாங்கத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் பெண்கள் அணிக் கோச் ஒரு நாற்காலியில், கோலை விட்டுவிட்ட கீப்பர் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நூத்தி நாப்பது பொண்ணுங்களை ஓட விட்டு, உதைக்க விட்டு, இருபது பேரை எடுத்தேன் டெய்லரம்மா," என்றாள் கோச். "அதுல பதினாலு பேரால பணம் கட்ட முடியாது. காத்திருப்போர் பட்டியல்ல யாரு இருக்காங்க தெரியுமா? கட்ட முடிஞ்சவங்க. அதுல ஒரு பொண்ணு பந்து வந்தா ஒதுங்கி வழி விடுது. பாவம், அது மேல தப்பில்ல. அவங்க மாமா வாரிய உறுப்பினர்."

"அப்ப நீங்க எதுக்கு மூணு மாசம் வெயில்ல நின்னீங்க?"

"அதைத்தான் நானும் இங்க உட்கார்ந்து யோசிச்சிட்டிருக்கேன்."

உள்ளே செயலாளர் அறைச் சுவர் முழுக்க ஒரு படம். 'மகளிர் விளையாட்டு ஊக்குவிப்புக் கருத்தரங்கு' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே பதினாறு ஆண்கள் பூங்கொத்தோடு வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் தேநீர்த் தட்டு ஏந்தியபடி பாதி மட்டும் தெரிந்தவள் தன் மகள்தான் என்பது டெய்லரம்மாவுக்கு உற்றுப் பார்த்த பிறகே புரிந்தது.

"பெரிய ஓட்டல்ல ரெண்டு நாள் நடத்தினோம்," என்றார் செயலாளர் பெருமையாக. "பெண்கள் விளையாட்டுக்குன்னு இருந்த நிதியை ஒரு பைசா மிச்சம் வைக்காம பெண்கள் விளையாட்டுக்கே செலவு பண்ணிட்டோம்."

"சாப்பாடு நல்லா இருந்துச்சுங்களா?"

"பிரமாதம்!" என்றவர், கேள்வியின் முனை உறைத்ததும் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இந்தாம்மா ஆர்டர். அவசரம், விழாவுக்கு ஒரு வாரம்தான் இருக்கு."

டெய்லரம்மா நின்றபடியே படித்தாள். 'தேசியப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு ஜெர்சி, அரைக்கால் சட்டை, இருபது செட். வழியனுப்பு விழா அன்று காலைக்குள்.' இரண்டாம் முறை படித்தபோது அவள் விரல் 'அணி' என்ற சொல்மேல் நின்றுவிட்டது.

"சார், எந்த அணிக்கு?"

"என்னம்மா கேள்வி இது? தேசிய அணிக்கு. படிக்கத் தெரியாதா?"

"தெரியும் சார். என் வீட்டுல ரெண்டு பேருக்குக் கடிதம் வந்திருக்கு. அதான் கேட்டேன். யார் அளவுக்கு வெட்டட்டும்?"

செயலாளருக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. "விளையாடப் போறவங்க அளவுக்கு! பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அப்படியே தைங்க. என் நேரத்தை வீணாக்காதீங்க."

"பேப்பர்ல இருக்கற மாதிரியே தைச்சுடறேன் சார்," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வீடு திரும்பும் வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி உற்சாகம், பாதி பயம். பதினோரு வருட வேலை அது. மாதாமாதம் வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது. செயலாளர் எந்த அணியை நினைத்துச் சொன்னார் என்பது தனக்குத் தெரியாது என்று அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். அது பொய் என்று தெரிந்தது. ஆனால் காகிதம் பொய் சொல்லவில்லையே. 'மகளிர்' என்று தனியாகப் போடாவிட்டால் அணி என்பது ஆண்கள்தான் என்று எழுதியவரும் நினைத்தார், கையெழுத்துப் போட்டவரும் நினைத்தார். இத்தனை வருடம் வெட்டித் தைத்த அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். கத்தரிக்கோல் வைத்திருப்பவள் ஒரு தடவை வேறு மாதிரி நினைத்தால் என்ன?

சாயங்காலம் மூன்று மூன்று பேராகப் பெண்கள் அளவு கொடுக்க வந்தார்கள். தோள், மார்பு, கை, இடுப்பு. உயரமான தடுப்பாட்டக்காரிக்கு ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. வாழ்நாளில் ஜெர்சிக்கென்று யாரும் அளவெடுத்ததில்லை என்றாள் ஒருத்தி. இதுவரை போட்டதெல்லாம் முழங்கால்வரை தொங்கும், இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடுவோம் என்றாள். கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே இருந்த கோல்கீப்பரால் நாடா நழுவி நழுவி விழுந்தது.

பெரியவன் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"அம்மா, எங்களுக்கு எப்ப அளவெடுப்பே?"

"எடுப்பேன், எடுப்பேன்."

அவன் மேஜைமேல் இருந்த ஆர்டரைப் படித்தான். வெட்டி வைத்திருந்த துணியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, வழுக்கும் துணியின் மறுமுனையை அவள் வெட்ட வாகாக இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

விழா நாள் காலை, அரங்கத்துக்குப் பின்னாலிருந்த உடை மாற்றும் அறையில் டெய்லரம்மா மூட்டையை இறக்கினாள். அமைச்சர் வர ஒரு மணி நேரம் இருந்தது. துணி கொடுத்த மில் முதலாளி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாயிற்று. ஜெர்சியில் மார்புக்கு நேராகத் தன் மில்லின் முத்திரை இருக்கிறதா என்று இருமுறை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார். நாலு பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள்.

முதலில் ஆண்கள் அணித் தலைவன் ஜெர்சியைத் தலைவழியே மாட்டினான். தலை வெளியே வந்தது. தோள் வரவில்லை. இரண்டு கையும் மேலே தூக்கியபடி சிக்கிக்கொண்டு, சரணடைந்த திருடன் மாதிரி நின்றான். இழுக்க இரண்டு பேர் வந்தார்கள். அடுத்தவனுக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. இருபது பேரில் ஒருத்தன் மட்டும் உள்ளே புகுந்துவிட்டான்: பெரியவன். உடம்பில் சதை இருந்தால்தானே.

சத்தம் கேட்டுச் செயலாளர் ஓடிவந்தார்.

"என்னம்மா தைச்சு வெச்சிருக்கீங்க? யார் அளவு இது?"

"விளையாடப் போறவங்க அளவு சார். நீங்கதான் சொன்னீங்க." டெய்லரம்மா நாலாக மடித்த காகிதத்தை விரித்தாள். "தேசிய அணின்னுதான் போட்டிருக்கு. எந்த அணின்னு கேட்டேன். படிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க. திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சார் வெட்டினேன்."

"உங்களை... உங்களை..." அவர் முகம் தக்காளியாகிவிட்டது. அதற்குள் ஓர் ஆள் வந்து, அமைச்சர் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது, புது ஜெர்சி எங்கே என்று மில் முதலாளி கேட்கிறார் என்றான்.

செயலாளர் அந்த அறையில் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு அவருக்கே ஒரு யோசனை உதித்தது. "அந்தப் பொண்ணுங்க எங்க?"

"வெளியில கூட்டத்தை உட்கார வைக்கிறாங்க சார். நீங்கதான் வேலை போட்டிருக்கீங்க," என்றான் அந்த ஆள்.

"கூப்பிடு! ஃபோட்டோவுக்கு மட்டும் அவங்க போட்டுக்கட்டும். ஃபோட்டோவுக்கு மட்டும்!"

இருபது பெண்கள் மேடையில் வரிசையாக நின்றார்கள். தைத்தது அத்தனையும் உடம்புக்குச் சொல்லி வைத்தாற்போல் இருந்தது. டெய்லரம்மா திரைக்குப் பின்னால் நின்று, ஒன்பதாம் எண்ணின் தோள் தையலைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் அதை உடுத்தியிருந்த மகளைப் பார்த்தாள்.

அமைச்சருக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்த உரையைக் கையில் வைத்திருந்தார். 'வீரர்கள்' என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் எதிரே பார்த்து, திகைத்து, 'வீராங்கனைகள்' என்று தானே திருத்திக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கே உற்சாகம் ஏறிவிட்டது.

"இந்தப் பெண் பிள்ளைகளுக்கு விமானச் செலவு, தங்கும் செலவு, தினப்படி அனைத்தையும் வாரியமே ஏற்றுக்கொள்கிறது என்று இதில் இருக்கிறது. இதுவல்லவா சமத்துவம்!" என்று தாளைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் ஆரவாரித்தது. அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே?"

நாலு கேமராவும் செயலாளர் பக்கம் திரும்பின.

"ஆ... ஆமாங்கய்யா," என்றார் செயலாளர்.

இல்லாத நிதி எங்கிருந்து வந்தது என்று பலர் வியந்தார்கள். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. செயலாளரும் ஏழு உறுப்பினர்களும் குடும்பத்தோடு மேற்பார்வைக்காகப் போவதாக இருந்தார்கள். அதை நிறுத்தியதும் முக்கால்வாசி தேறிவிட்டது. மீதிக்கு மில் முதலாளி, தன் முத்திரை எல்லாப் பத்திரிகையிலும் வந்த சந்தோஷத்தில் கை கொடுத்தார். கோச் எடுத்த இருபது பேரும் ஒருத்தி குறையாமல் விமானம் ஏறினார்கள். ஆண்கள் அணி போன வருட ஜெர்சியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. பெண்கள் மூன்றாம் இடம். அதில் வெடி போட்டது நாலு கோல்.

நாலாவது கோலைச் செல்ஃபோனில் பார்த்த டிரைவர், டிப்போவில் நின்றிருந்த அத்தனை பஸ்ஸிலும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அவர் அப்புறம் பேச்செடுக்கவில்லை.

அடுத்த வாரமே டெய்லரம்மாவுக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. இனி அவள் சேவை தேவையில்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவள் மெஷினை மிதிக்கவில்லை. மறுநாள் எழுந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சீருடை வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். கூலி கம்மி, பட்டன் காஜா ஜாஸ்தி.

பத்திரிகைகள் செயலாளரைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. 'பெண்கள் விளையாட்டின் காவலர்' என்று ஒரு பட்டமும் கொடுத்து, பாராட்டு விழாவும் ஏற்பாடு செய்தார்கள். வீராங்கனைகள் சார்பில் கேடயம் வழங்க வெடியை மேடைக்கு அழைத்தார்கள். டெய்லரம்மாவுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

மகள் கேடயத்தைக் கொடுத்தாள். நன்றியாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்க செயலாளர் சார் இல்லேன்னா நாங்க போயிருக்கவே முடியாது," என்று ஆரம்பித்தாள். செயலாளர் தலையைப் பணிவாகச் சாய்த்துக்கொண்டார். "மேடையில, எல்லார் முன்னாடியும், 'ஆமா'ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் நாங்க பறந்தோம். அடுத்த வருஷமும், அதுக்கடுத்த வருஷமும், பணத்தைப் பார்க்காம ஆட்டத்தைப் பார்த்து எடுப்பீங்க, ஆண்களுக்குக் கொடுக்கற அத்தனையும் எங்களுக்கும் கொடுப்பீங்க. அப்படித்தானே சார்?"

மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். அரங்கமே காத்திருந்தது. செயலாளரின் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க சார்," என்றாள் வெடி, மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய். "கடைசி வரிசையில எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்கணும்."