ஆணியில் தொங்கிய பேட்ஜ்

1.

இந்தக் கதை என் சமையலறையில் பிறந்தது. போன ஞாயிறு, என் கணவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ரூலன் சாப்பிட வந்தான். இரண்டு வாய் பீன்ஸ் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். முன்பெல்லாம் கடைசிச் சோளரொட்டிக்கு என் கணவரோடு மல்லுக்கு நிற்கிறவன்.

கணவருக்கு இந்தக் கதையில் ஓர்வல் என்று பெயர். பொய்ப் பெயர். கதை எழுதப்போகிறேன் என்றதும் அவர் போட்ட ஒரே நிபந்தனை அது.

2.

“நெவாடாவின் மலைகள் அமைதியானவை” என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். மலைச் சுரங்கத்துக்குள் அணுகுண்டை வெடித்துச் சோதிக்கும் நாட்களில் எங்கள் அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கும்.

“குண்டு வெடித்த சில நாட்கள் கழித்து, கருவிகளை மீட்க ரூலன் சுரங்கத்தின் கடைசி அடைப்பு வரை”

இந்த வாக்கியம் முடியவில்லை. அவன் உள்ளே போகவே இல்லை என்கிறது சுரங்க அலுவலகம். அவனுடைய பேட்ஜ் அப்படிச் சொல்கிறதாம்.

(பேட்ஜ் என்பது சுரங்க ஆட்கள் மார்பில் குத்திக்கொள்வது. உள்ளே ஒரு துண்டு பிலிம். கதிர்வீச்சு பட்டால் கறுக்கும். அளவு மீறிக் கறுத்தால் ஆளைச் சுரங்கத்துக்கு வெளியே, மேல்வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டாளிகள் “கோழி மேய்க்கப் போறான்” என்று கிண்டல் செய்வார்கள்.)

3.

அன்று ரூலன் கதிர்வீச்சு அளவின் எல்லையைத் தொட்டிருந்தான். அவனை அனுப்பினால் புது ஆள் வருவான். எந்த மரத்தூண் முனகுகிறது என்று தெரியாதவனை நம்பி உள்ளே போக ஓர்வலுக்கு மனமில்லை. சுரங்க வாசலில், சாப்பாட்டு டப்பாக்கள் மாட்டும் ஆணி இருக்கிறது. “கழட்டுடா” என்று சொல்லி, அவரே ரூலனின் பேட்ஜை எடுத்து அதில் மாட்டினார். அங்கே பாதிப்பேர் செய்வதுதான்.

(இதை முட்டாள்தனம் என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. பாசத்தில் செய்தார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.)

போனது இரண்டே பேர். ஓர்வல் இரண்டாம் கதவில் தொலைபேசியோடு நின்றார். ரூலன், வெடிப்பின் வாயு வெளியே வராமல் தடுக்கும் கடைசி அடைப்புச் சுவருக்குப் போனான். அதில் விரிசல். கதிர்வீச்சு வாயு கசிந்துகொண்டிருந்தது. எச்சரிக்க வேண்டிய கருவி பழுது என்று பிறகு சொன்னார்கள். முகமூடிக்குள் வாந்தியோடு ஓடி வந்தான். வாசலில் சும்மா நின்றவர்கள் உட்பட எல்லோரையும் உரித்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவினார்கள். அதனால் அவனைக் கழுவியதைக்கூட, உள்ளே போனதற்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

அவன் பேட்ஜ் மட்டும் வாசலில் சுத்தமாகத் தொங்கியது.

4.

இப்போது அவன் இரத்தம் கெட்டுவிட்டது. அவன் கேட்ட நஷ்டஈட்டுக்கு நாளை காலை விசாரணை. ஞாயிறன்று தட்டைத் தள்ளிவிட்டு அவன் சொன்னது இதுதான்:

“அவங்க ஏதாச்சும் தரட்டும், தராம போகட்டும்ணே. நான் உள்ள போனேன்னு ஒரு ஆளு சொல்லணும். அவ்வளவுதான். வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தவனுக்கா இந்த நோவு வரும்?”

ஓர்வல் எழுந்து அவனுக்குக் காப்பி ஊற்றினார். உண்மையைச் சொன்னால் ஆணியையும் சொல்ல வேண்டும். அன்றோடு வேலை போகும். ஆணியில் மாட்டுகிற மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள், பிறகு இந்த ஊரில் எங்களோடு யார் பேசுவார்கள்?

கதை எழுதத் தொடங்கியபின் ஒருநாள், விசாரணையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். “கதையில என் பேர ஒழுங்கா மாத்தினியா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

5.

முடிவு ஒன்று: விசாரணையில் ஓர்வல் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறார். ரூலன் தலையை

இல்லை. இது என் ஆசை.

முடிவு இரண்டு: ஓர்வல் பேசவில்லை. ரூலன் அவரைத் திரும்பிப் பார்க்காமலே வெளியேறுகிறான். இது நன்றாக வந்தது. நன்றாக வந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

6.

சற்றுமுன் அவர் இந்தப் பக்கங்களை வாசித்தார். ஆணி வரும் இடத்தில் வாசிப்பதை நிறுத்தினார்.

“மாட்டினது நான்தான்னு எழுதியிருக்க.”

“நீங்கதானே மாட்டுனீங்க?”

“ஆமா.”

பென்சிலை எடுத்தார். ஓர்வல் என்று இருந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். அவற்றின் மேலே வேறு பெயர் எழுதவில்லை. பென்சிலை வைத்துவிட்டு, நாளை விசாரணைக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்க்கப் போனார்.

நீங்கள் வாசிக்க வேண்டுமே என்று பொய்ப் பெயரை நான் மறுபடி எழுதிவைத்தேன். ஒரு வரியில் மட்டும் எழுதவில்லை:

அன்று ரூலன் உள்ளே போனான். அவன் பேட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் ____________.

அந்த இடத்துக்கு உரிய பெயர் எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டியவர் அடுத்த அறையில் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார். பென்சில் மேசையில்தான் கிடக்கிறது.