சாம்பலார் கட்டிய காப்பு

பழனியில் செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் கூட்டம். கொடைக்கானலில் சனி, ஞாயிறு கூட்டம். இரண்டு ஊரும் சேர்ந்து மூச்சு விடுகிற நாள் என்றால் புதன்தான். அதனால் சுசித்ராவின் உலகம் புதன்கிழமை மத்தியானத்தில்தான் சுழலும்.

உலகம் என்று சொன்னது மிகையில்லை. கொடைக்கானலில் இரண்டே அறை கொண்ட ஹோம்ஸ்டே ஒன்றை நடத்துகிற சுசித்ரா, அதன் சாப்பாட்டு மேசையில் ஒரு கற்பனை உலகத்தையும் நடத்திக்கொண்டிருந்தாள். இங்கே ஆறு, இங்கே கோட்டை, அந்தப் பக்கம் பூதம் என்று அவள் கதை சொல்வாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் நிதானமாக இருக்கிற பெரிய மனிதர்கள், இல்லாத பூதத்துக்காகத் தொண்டை கட்டும்வரை சண்டை போடுவார்கள். சுசித்ரா மற்ற ஆறு நாளும் துணி துவைத்து, படுக்கை விரித்து, விருந்தாளிகளுக்குச் சிரித்துக் காட்டுவது இந்த ஒரு நாளுக்காகத்தான். இது இல்லையென்றால் மலையில் அவளுக்கு மிஞ்சுவது பனியும் பக்கெட்டும்தான்.

இதற்காகப் பழனியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி பைக்கில் வருகிறவன் ராஜமுருகன். அடிவாரத்தில் காவடிக்காரர்கள் தங்கும் மடம் ஒன்றை அவன் குடும்பம் கவனித்துவருகிறது. விளையாட்டில் அவன் சாம்பலார் என்கிற மந்திரவாதி. திருநீற்றை அள்ளி ஊதி மந்திரம் சொல்வார் சாம்பலார். இன்னொருவர் கணேசன், ஜீப் டிரைவர். சுற்றுலா வந்தவர்களுக்கு ஒரே பாறையைத் தினமும் காட்டி அலுத்துப்போனவர். விளையாட்டில் அவர் கட்டையன் என்கிற வாள்வீரன். யோசிக்கிற வேலையை அடுத்தவர்களுக்கு விட்டுவிடுவார்.

ஒரு மாதமாக இந்த வீரர்கள் முகில்கோட்டை என்கிற ஊரை விட்டு நகரவில்லை. அது சுசித்ரா தானே தேடிக்கொண்ட வினை. பூதங்கள் நுழையாதபடி ஊரைச் சுற்றிச் சாம்பலார் பாதுகாப்பு போடுகிற இடம் கதையில் வந்தது. ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் அது வெறும் வட்டம். சப்பென்று இருக்கிறதே என்று சுசித்ரா அதை ஒரு திருவிழாவாக்கினாள். அம்மன் சன்னதியில் கொட்டு முழங்கியது, எல்லையில் வேப்பிலைத் தோரணம் ஏறியது, ஊர்க்காரர்கள், வீரர்கள் எல்லார் மணிக்கட்டிலும் சாம்பலார் மஞ்சள் காப்புக் கயிறு கட்டினார். அன்றைக்கு எல்லாருக்கும் புல்லரித்தது. அடுத்த வாரம் பூதராஜன் ஆள் ஒருவன், காப்புக்கு முன்பே ஊருக்குள் ஒளிந்திருந்தவன், அம்மன் விளக்கைத் திருடி ஆற்றுக்கு அப்பால் குகையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். கிளம்புங்கள் என்றாள் சுசித்ரா. ஒருவரும் கிளம்பவில்லை.

காப்புக் கட்டியாயிற்றே, விழா முடியாமல் ஊர் எல்லையைத் தாண்டுவது எப்படி என்று கேட்டான் ராஜமுருகன். அதானே என்றார் கணேசன். விதிப்படி தாண்டலாம் என்று சொல்ல வாயெடுத்த சுசித்ரா புத்தகத்தை மூடிவைத்தாள். அந்தப் புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரர்கள் எந்த அம்மனுக்கும் காப்புக் கட்டியிருக்க மாட்டார்கள்; இந்த மேசையில் இருந்த மூன்று பேரும் கட்டியவர்கள். சரி, காப்பை அவிழ்க்கலாம் என்றால் விழா முடிய வேண்டும். விழா முடிய விளக்கு ஏற்ற வேண்டும். விளக்கோ குகையில். ஆக, உலகைக் காக்கப் பிறந்த வீரர்கள் ஒரு மாதமாக முகில்கோட்டைக் கடைத்தெருவில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கணேசன் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தார். ஆட்டம் இப்படியே செத்துப்போய்விடுமோ என்று சுசித்ராவுக்கு உள்ளூரப் பயம்.

புது ரத்தம் பாய்ந்தால் உயிர் வரும் என்று ஒய்யம்மாளை அழைத்துவந்தாள். பாச்சலூர்ப் பக்கம் காட்டோரக் குடியில் பிறந்து, ஊருக்குள் சீஸ் கடை கவுண்டரில் வேலை பார்க்கிற பெண். மாயாஜாலக் கதைகளை போனில் படித்துத் தீர்த்தவள். வந்த உடனே கணேசன், காட்டுப் பக்கத்துப் பெண்ணாயிற்றே என்று அவளுக்கு மூலிகை வைத்தியச்சி பாத்திரத்தைத் தூக்கிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

"மூலிகையெல்லாம் எங்க சித்தப்பா சோலிண்ணே. எனக்கு வெங்காயத்துக்கும் வெள்ளப்பூண்டுக்கும் மேல ஒண்ணும் தெரியாது" என்றாள் ஒய்யம்மாள். "நான் மனசாலேயே எல்லாம் செய்யிற ஆளா வாறேன். மந்திரம் கெடையாது, திருநீறு கெடையாது. நெனச்சா நடக்கணும்."

பாத்திரத்துக்குத் தும்பை என்று பெயரும் வைத்துவிட்டாள்; முகில்கோட்டைக்காரி, அவள் கையிலும் காப்புக் கயிறு. சுசித்ராவுக்குப் பிடித்துப்போனது. ஆனால் மந்திரம் ஏற்கெனவே இருக்கிற உலகத்தில் மனோசக்தியை எங்கே உட்காரவைப்பது? அதுவும் மந்திரம்தான், வேறு பெயர், அவ்வளவே என்று முதலில் விதி சொன்னாள். ஒய்யம்மாளின் முகம் வாடியது. சட்டையை மாற்றிப் போட்டால் ஆள் மாறிவிடுமா அக்கா என்று கேட்டாள். நியாயம்தான். சரி, இரண்டும் வேறு வேறு, மந்திரத்தைத் தடுப்பது எதுவும் மனசைத் தடுக்காது என்று சுசித்ரா விதியைத் திருப்பினாள். இப்போது ராஜமுருகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப பூதராஜன் பக்கமும் மனசுக்காரன் ஒருத்தன் இருப்பான்ல. அவன் பாட்டுக்குக் காப்புக்குள்ள வந்துட்டுப் போவான். நான் கட்டுனது காப்பா, வெறுங் கயிறா?"

சாம்பலார் ஒவ்வொரு மந்திரமாகப் பட்டினி கிடந்து சம்பாதித்ததை ராஜமுருகன் எடுத்துச் சொன்னான். நேற்று வந்தவள் நினைத்த மாத்திரத்தில் அதைத் தாண்டுவாள் என்றால் கஷ்டப்பட்டவனுக்கு இங்கே என்ன வேலை என்றான். விளையாட்டுதானே என்று கணேசன் சமாதானத்துக்கு வந்தார். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. ராஜமுருகன் தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுருக்குப்பையில் போட்டான். இனிமேல் புதன்கிழமை தனக்குத் தோதுப்படாது என்றான். அவன் போனால் கணேசனும் நழுவிவிடுவார். இந்த மேசை மறுபடி வெறும் சாப்பாட்டு மேசை ஆகிவிடும்.

ஒய்யம்மாள் அவனைத் தடுக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம், அதைக் கேட்டாள்.

"அண்ணே, காப்புக் கட்டுனவங்க உடம்புதான எல்லை தாண்டக் கூடாது? மனசுமா தாண்டக் கூடாது?"

பையின் சுருக்கை இழுத்துக்கொண்டிருந்த ராஜமுருகனின் கை நின்றது. அவன் கோபக்காரன், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன்.

"போன வருசம் எங்க தெருவுல காப்புக் கட்டியிருந்தப்ப ஒரு புதன்கெழமை வர முடியலைல்ல" என்றான். "உடம்புதான் அங்க பந்தி பரிமாறுச்சு. மனசு பூரா இங்கனதான் கெடந்துச்சு. யாரு என்ன பகடை உருட்டுறீகன்னே நெனச்சுக்கிட்டு, ரெண்டு பேருக்கு ரசத்துக்குப் பதிலா பாயசத்த ஊத்திட்டேன்."

கணேசன் சத்தமாகச் சிரித்தார். சுசித்ராவுக்குக் கண் கலங்கியது. தனக்கு மட்டும்தான் புதன்கிழமைப் பைத்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அம்மன் கோபித்தாளா என்று கேட்டாள் ஒய்யம்மாள். கோபித்ததாகத் தெரியவில்லை என்றான் அவன். அப்படியானால் மனசு காப்பை மீறுவதில்லை, காப்பு உடம்புக்குத்தான் என்று சுசித்ரா பிடித்துக்கொண்டாள். கூடு விட்டுக் கூடு பாய்கிற விவகாரம் மாதிரியா என்று கணேசன் கேட்டார். கொட்டாவி எங்கோ போயிருந்தது. கூடு என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜமுருகன் நாற்காலியை மறுபடி மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டான். மனசு வெளியே போய்விட்டால் கூடு காலி. காலிக்கூடு என்றால் கண்டதும் வந்து குடியேறும். அதைத் தடுக்க மனசுக்காரிக்கு வழி கிடையாது, அவள்தான் வீட்டில் இல்லையே. தடுப்பது மந்திரம். கூட்டைச் சுற்றிக் கட்டிய காப்பு.

அத்தனை புத்தகத்திலும் தேடிக் கிடைக்காத விதி சுசித்ராவுக்கு இப்படிக் கிடைத்தது. மனசு எந்த எல்லையையும் தாண்டலாம். ஆனால் காப்புள்ள உடம்புக்குள் பிற மனசு நுழையாது. பூதராஜன் பக்கத்து ஆள் வந்தாலும் முகில்கோட்டையில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். சாம்பலாருக்கு மரியாதை ஏறியது. தும்பைக்கும் போக வழி கிடைத்தது. அவள் குகையைக் கண்டுபிடித்து, நினைவாலேயே விளக்கைத் தூக்கி, ஆற்றுக்கு மேலே மிதக்கவிட்டுக் கொண்டுவர வேண்டும். எல்லைவரை வந்து சேர்ந்தால், பின்னால் துரத்தி வருகிறவர்களைக் கட்டையன் பார்த்துக்கொள்வான். தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடியே வாள் வீச எந்தச் சாமியும் தடை சொன்னதில்லை.

ஒய்யம்மாளிடம் பகடை இல்லை. ராஜமுருகன் சுருக்குப்பையைத் திறந்து தன்னுடையதை அவள் கையில் வைத்தான்.

"போயிட்டு வெரசா வா" என்றார் சாம்பலார். "உடம்ப நான் பாத்துக்கிறேன்."

அன்று இருட்டுவதற்குள் முகில்கோட்டை அம்மனுக்கு விளக்கு எரிந்தது. நடுவில் ஒரு தடவை விளக்கு ஆற்றில் விழுந்தது, கட்டையன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி இது எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று கத்தினான், எல்லாம் நடந்தது. காப்பு அவிழ்க்கும்போது தன்னையும் சேர்த்து நான்கு பேரும் தங்கள் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டதைச் சுசித்ரா பார்த்தாள்.

ராஜமுருகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். மேசையில் சுருக்குப்பை அப்படியே கிடந்தது. மறந்துவிட்டானே என்று சுசித்ரா எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"அடுத்த வாரம் எங்க தெருவுல காப்பு. வர முடியாது" என்றான். "ஆட்டத்த நிறுத்தீராதீக. அது இங்கனயே இருக்கட்டும், நானும் இங்கனதான இருப்பேன்."

பைக் சத்தம் வளைவுக்குக் கீழே அடங்கும்வரை சுசித்ரா நின்றாள். பிறகு உள்ளே வந்து, சுருக்குப்பையை அவன் நாற்காலிக்கு நேராக மேசையில் வைத்துவிட்டு, தம்ளர்களைக் கழுவப் போனாள்.